மங்கட்டும் இலக்கு: கைத்துப்பாக்கியில் குறிபார்த்தல்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்களில் துரோணர் வைத்த தேர்வைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். மரக்கிளையில் ஒரு பொம்மைப் பறவை. வில்லேந்தி நிற்கும் ஒவ்வொரு சீடனிடமும் ஆசிரியர் கேட்கிறார்: “உனக்கு என்ன தெரிகிறது?” ஒருவனுக்கு மரம் தெரிகிறது, இன்னொருவனுக்குக் கிளையும் இலையும் தெரிகின்றன. அர்ச்சுனன் மட்டும் பறவையின் கண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை என்கிறான். காலைச் சபைகூடலில் ஆசிரியர்கள் இந்தக் கதையைச் சொல்லி, “இலக்கை மட்டும் பாருங்கள்” என்று முடிப்பார்கள். தேர்வு நெருங்க நெருங்க இக்கதை அடிக்கடி வரும்.

பல்கலைக்கழகத்தில் துப்பாக்கி சுடும் குழுவில் சேர்ந்து, கைத்துப்பாக்கியைக் கையில் எடுக்கும் ஒருவருக்குச் சொல்லப்படும் முதல் பாடமோ இதற்கு நேர்மாறானது. “இலக்கைப் பார்க்காதே. அது மங்கலாகவே இருக்கட்டும்.” கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். இலக்கைப் பார்க்காமல் எப்படி இலக்கைச் சுடுவது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். குழுவில் இது எனக்கு மூன்றாம் ஆண்டு. ஒவ்வொரு தவணையிலும் புதுமுக மாணவர்களில் இரண்டு மூன்று தமிழ் மாணவர்கள் ஆர்வத்தோடு வருவார்கள். நான்கைந்து வாரங்களில் பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். காரணம் கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கை நடுங்குது. இது எனக்குச் சரிப்பட்டு வராது.” அவர்கள் சொல்லும் அந்தக் காரணம் தவறானது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். பயிற்சியெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடப்பதால், தமிழில் ஒரு முறை நிதானமாக எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்று நினைத்தேன்.

பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சட்டைப் பொத்தான்

துப்பாக்கி சுடும் போட்டிகளில் பல பிரிவுகள் உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் தொடங்குவது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பிரிவில்தான். இதில் வெடிமருந்து இல்லை. அழுத்தி அடைக்கப்பட்ட காற்று 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஈயக்குண்டைத் தள்ளுகிறது. துப்பாக்கியின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக்கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும். ஒரே கையால் பிடித்துத்தான் சுட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியோ லேசர் ஒளியோ துப்பாக்கியில் பொருத்தக்கூடாது. இவை அனைத்துலக விதிகள்.

இலக்கு அட்டை 17 சென்டிமீட்டர் சதுரம். அதன் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வளையங்கள். 7 முதல் 10 வரையுள்ள வளையங்களுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். இந்தக் கருவட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர். நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். நம் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பத்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டி வைத்துப் பாருங்கள். எவ்வளவு சிறியது என்று புரியும்.

போட்டியில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுட வேண்டும். முன்பு பெண்களுக்கு 40 குண்டுகள் என்றிருந்தது. 2018 முதல் ஆண், பெண் இருபாலருக்கும் 60. முழு மதிப்பெண் 600. தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009இல் சாங்வோனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் 594 எடுத்தார். அறுபது முறை சுட்டு அவர் இழந்தது ஆறே புள்ளிகள். மனிதக் கையால் இது எப்படி முடிகிறது? அவர் கை ஆடவே இல்லையா? ஆடியிருக்கும். உயிருள்ள எந்தக் கையும் ஆடாமல் இருக்காது. நாடித் துடிப்பே போதும், நீட்டிய கையை அசைக்க. விடை வேறிடத்தில் இருக்கிறது.

முன்குறியும் பின்குறியும்

கைத்துப்பாக்கியின் மேற்பகுதியில் இரண்டு சிறிய உறுப்புகள் உள்ளன. குழலின் முனையில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சிறு தகடு. அதை இக்கட்டுரையில் முன்குறி என்கிறேன். நம் கண்ணுக்கு அருகில், துப்பாக்கியின் பின்பகுதியில் குறுக்காக நிற்கும் இன்னொரு தகடு. அதன் நடுவில் சதுரமாக ஒரு பிளவு இருக்கும். அது பின்குறி. பயிற்சித் திடலில் இவற்றை ஃபிரண்ட் சைட், ரியர் சைட் என்றுதான் சொல்வோம்.

பின்குறியின் பிளவு வழியாகப் பார்த்தால் முன்குறி அதற்குள் நிற்பது தெரியும். குறிகள் ஒன்றியிருக்கின்றன என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, முன்குறியின் உச்சியும் பின்குறியின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலே ஒரு நேர்கோடு வரைந்தால் அது மூன்று துண்டுகளையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது, முன்குறியின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பிளவுக்குள் தெரியும் வெளிச்சக் கோடுகள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்.

முன்குறி பிளவைவிட உயர்ந்து தெரிந்தால் குண்டு மேலே போகும்; தாழ்ந்து தெரிந்தால் கீழே போகும். வலப்பக்க வெளிச்சம் குறுகினால், குழல் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று பொருள்; குண்டும் வலப்பக்கம் போகும். இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முன்குறி எந்தப் பக்கம் சாய்கிறதோ, குண்டும் அந்தப் பக்கம்.

ஒரு மில்லிமீட்டரின் விலை

இனி கணக்குக்கு வருவோம். இரண்டு குறிகளுக்கும் இடையேயுள்ள தூரம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இலக்கு இருப்பது 10 மீட்டரில், அதாவது 1,000 சென்டிமீட்டரில். 1,000ஐ 33ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 வரும். பள்ளியில் படித்த ஒத்த முக்கோணங்களை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். முன்குறி தன் இடத்திலிருந்து விலகும் அளவு, அட்டையில் முப்பது மடங்காகப் பெருகும்.

கால் மில்லிமீட்டர் விலகினால், அட்டையில் ஏழரை மில்லிமீட்டர். குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், மயிரிழையில் 10 கிடைத்துவிடும். அரை மில்லிமீட்டர் விலகினால் 15 மில்லிமீட்டர், புள்ளி 9. ஒரு மில்லிமீட்டர் விலகினால் 30 மில்லிமீட்டர், புள்ளி 7. இரண்டு மில்லிமீட்டர் விலகினால் 60 மில்லிமீட்டர், புள்ளி 3. மூன்று மில்லிமீட்டர் விலகினால் 90 மில்லிமீட்டர். அட்டையின் நடுவிலிருந்து விளிம்புக்கு 85 மில்லிமீட்டர்தான். ஆக, அந்தக் குண்டு அட்டையிலேயே படாது! மூன்று மில்லிமீட்டர் என்பது இரண்டு பத்துக் காசு நாணயங்களை அடுக்கினால் வரும் உயரத்தைவிடச் சற்றுக் குறைவு.

இதோடு கை நடுக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குறிகள் இரண்டும் ஒன்றிய நிலையிலேயே இருக்க, தோளிலிருந்து கை முழுவதும் ஒரே கம்பு போல் மெதுவாக ஆடுகிறது என்று கொள்வோம். அப்போது குறிகள் அட்டையின் மேல் எவ்வளவு நகர்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறதோ, குண்டும் அவ்வளவுதான் நகரும். பெருக்கல் கிடையாது. குறித்த இடத்திலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் 10 புள்ளி. ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனால் 9. மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் 7.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கை ஆடி ஆடிக் கருவட்டத்தின் பாதி அகலத்துக்குத் தள்ளிப் போனால் என்ன இழப்போ, அதே இழப்பு முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் வரும். முதல் பிழை பெரிதாகத் தெரியும், நம்மைப் பயமுறுத்தும். இரண்டாவது பிழை கண்ணில் படாமலேயே நடந்து முடியும். புதிதாக வருபவர் தெரியும் பிழையைக் கண்டு அஞ்சுகிறார். தெரியாத பிழையிடம் தோற்கிறார். குண்டு 3இல் விழும்போது “கை நடுங்கியதால்தான்” என்று நம்புகிறார். உண்மையில் மணிக்கட்டு மடங்கி, முன்குறி இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும்.

நடுக்கத்தால் இழப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பிழைகளும் சேர்ந்தே வரும். ஆனால் நடுக்கம் பயிற்சியால் மாதக்கணக்கில் மெல்லக் குறைவது. குறிகளை ஒன்றச் செய்வதை முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கண்ணால் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும்

அப்படியானால் குறிகளையும் இலக்கையும் சேர்த்தே தெளிவாகப் பார்த்தால் போயிற்று என்று தோன்றும். அதைத்தான் நம் கண் அனுமதிப்பதில்லை.

ஒரு சிறு சோதனை. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அதன் நேர்ப்பின்னால் தூரத்துச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கட்டும். கடிகாரத்தின் எண்களைப் படியுங்கள், விரல் மங்கிவிடும். விரலின் நகத்தைப் பாருங்கள், எண்கள் மங்கிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க எவராலும் இயலாது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை, பார்க்கும் பொருளின் தூரத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் வடிவம் மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் அதனால் பொருந்த முடியும். கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது அருகிலுள்ள பூவைத் தொட்டால் பின்னால் இருக்கும் மரம் மங்குவதும் இதே காரணத்தால்தான்.

ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றில் எது தெளிவாக இருக்க வேண்டும்? சற்று முன் போட்ட கணக்கே விடை சொல்கிறது. முப்பது மடங்கு பெருகும் பிழை எங்கே பிறக்கிறதோ, அங்கே கண் இருக்க வேண்டும். அது முன்குறி. அதன் உச்சி விளிம்பு கத்தி போல் கூர்மையாகத் தெரிய வேண்டும். பின்குறி முன்குறிக்கு ஓரளவு அருகில் இருப்பதால் சற்றே மங்கினாலும் அதன் விளிம்புகளைக் காண முடியும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கருவட்டம் பஞ்சுப் பொதி போல் மங்கிக் கிடக்கும். கிடக்கட்டும்.

மங்கிய இலக்கால் நட்டம் இல்லையா? மிகக் குறைவு. ஒரு வட்டம் மங்கும்போது எல்லாப் பக்கமும் சமமாகத்தான் மங்கும். விளிம்பு கலைந்தாலும் நடு எங்கே என்பதை மூளை எளிதில் கணித்துக்கொள்ளும். மங்கிய முன்குறியிலோ அரை மில்லிமீட்டர் சாய்வைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கேதான் துரோணரின் கதை நினைவுக்கு வருகிறது. அர்ச்சுனனின் வில்லில் முன்குறியும் இல்லை, பின்குறியும் இல்லை. அவன் பறவையின் கண்ணைப் பார்த்தான். மற்றதைப் பழகிய உடல் செய்தது. நம் கையில் இருப்பது வேறு கருவி. அதற்கு வேறு பார்வை வேண்டும். கருவி மாறும்போது கவனம் நிற்க வேண்டிய இடமும் மாறுகிறது.

கருவட்டத்துக்குக் கீழே

இன்னொரு வியப்பு. பத்துப் புள்ளி வேண்டுமென்றால் பத்துப் புள்ளி வட்டத்தைக் குறிபார்க்கக் கூடாது!

குறிகளின் நிறம் கறுப்பு. இலக்கின் நடுவும் கறுப்பு. கறுப்பின் மேல் கறுப்பை வைத்தால் முன்குறியின் உச்சி எங்கே முடிகிறது, கருவட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதனால் குறிகளைக் கருவட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் நிறுத்துவார்கள். கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் திசை. வெள்ளைப் பின்னணியில் முன்குறியின் மூன்று விளிம்புகளும் பளிச்சென்று தெரியும். அங்கே குறிபார்த்தால் குண்டு மேலே நடுவில் போய் விழுமாறு பின்குறியைத் திருகி அமைத்துக்கொள்வார்கள்.

கருவட்டத்துக்கும் முன்குறிக்கும் இடையே நல்ல பட்டையாக வெள்ளை இடைவெளி விடுவது நல்லது. மெல்லிய கோடு போல் இடைவெளி விட முயன்றால், அந்தக் கோட்டைச் சரிபார்க்கக் கண் இலக்குக்கு ஓடிவிடும். ஓடியதும் முன்குறி மங்கும். ஒரு புள்ளியை அல்லாமல் ஓர் இடத்தைக் குறியாகக் கொண்டால் மனமும் அமைதியாக இருக்கும். கை அந்த இடத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கட்டும்.

பின்குறியைத் திருகும்போது நினைவில் வைக்க வேண்டியது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். ஒரே ஒரு குண்டை நம்பித் திருகக் கூடாது. குறைந்தது ஐந்து குண்டுகள் சுட்டு, அவை கூட்டமாக எங்கே விழுகின்றன என்று பார்த்த பிறகே திருக வேண்டும். கூட்டம் சிதறிக் கிடந்தால் குறை திருகாணியில் இல்லை.

வெள்ளை அட்டைப் பயிற்சி

சென்ற ஆண்டு முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் குழுவில் சேர்ந்தார். மூன்றாம் வாரம் அவருடைய அட்டையில் குண்டுகள் 9இலும் இருந்தன, 2இலும் இருந்தன. இரண்டு குண்டுகள் அட்டையிலேயே இல்லை. துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “அக்கா, எனக்குக் கை ரொம்ப ஆடுது. அடுத்த வாரத்திலேர்ந்து வரலக்கா” என்றார்.

எங்கள் பயிற்றுநர் ஓய்வுபெற்ற இராணுவ வீரர், அதிகம் பேசமாட்டார். விவரம் கேட்டதும் ஓர் அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பி மாட்டினார். முழு வெள்ளை. வட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. “நடுவில் எங்கேயாவது சுடு. முன்குறியை மட்டும் பார்” என்று மலாயில் சொன்னார்.

அவர் பத்துக் குண்டுகள் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தபோது பத்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் கூடியிருந்தன. ஒன்றுகூட அட்டையைத் தாண்டவில்லை. அதே கை, அதே நடுக்கம். மாறியது ஒன்றுதான்: பார்ப்பதற்கு இலக்கு இல்லாததால் கண் முன்குறியிலேயே தங்கிவிட்டது. அட்டையைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றவர், “அப்படின்னா கை இல்லியாக்கா?” என்றார். “கை இல்ல, கண்ணு” என்றேன். அடுத்த வாரம் அவர் எனக்கு முன்பே திடலுக்கு வந்திருந்தார்.

வெள்ளை அட்டைப் பயிற்சி உலகெங்கும் பயிற்றுநர்கள் பயன்படுத்தும் பழைய முறை. எவ்வளவு தேர்ந்தவரும் அவ்வப்போது இதற்குத் திரும்புவார்கள். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சியும் அப்படிப்பட்டதே. அதில் விசை விடுபடும் நொடியில் முன்குறி துள்ளுகிறதா, அசையாமல் நிற்கிறதா என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

ஒரு குண்டின் பயணம்

ஒரு குண்டைச் சுடும் முறையை வரிசையாகப் பார்ப்போம்.

நிற்பது: கால்கள் தோள் அகலத்தில். உடல் ஏறக்குறைய பக்கவாட்டில் திரும்பி நிற்கும். சுடாத கையைச் சட்டைப்பையிலோ இடைவாரிலோ நிறுத்தி வைக்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் பிரிவில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுஃப் டிகெச்சின் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒரு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நின்ற அந்தப் படத்தைப் பலர் அலட்சியம் என்று நினைத்துச் சிரித்தார்கள். தொங்கும் கை ஆடினால் உடலும் ஆடும் என்பதால் அதைக் கட்டிப்போடும் வழக்கமான முறைதான் அது. அவர் இரு கண்களையும் திறந்து வைத்துச் சுட்டதும் கவனிக்கத்தக்கது. ஒரு கண்ணை இறுக்கி மூடினால் திறந்த கண்ணும் சோர்ந்துவிடும். இரு கண் பார்வை குழப்பினால், மூடாமல் ஒரு சிறு மறைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

திசை: கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். பின் கண்ணைத் திறந்து பாருங்கள். குறிகள் இலக்குக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ நின்றால் மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. பாதத்தை நகர்த்த வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் தசை களைத்ததும் அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்; முன்குறியும் கூடவே போகும்.

மூச்சு: மூச்சை இழுத்துக்கொண்டே கையை உயர்த்தி, மெல்ல விட்டுக்கொண்டே குறிகளை இறக்கிக் கருவட்டத்துக்குக் கீழே நிறுத்த வேண்டும். பாதி மூச்சை விட்டதும் வரும் இயல்பான இடைவெளியில் சுட வேண்டும்.

விசை: இங்கேதான் பெரும்பாலான குண்டுகள் கெட்டுப்போகின்றன. கை ஆடிக்கொண்டிருக்கும், குறிகள் சரியான இடத்தைக் கடக்கும் நொடியில் “இப்போது!” என்று விசையைப் பறித்து இழுக்கத் தோன்றும். அந்தப் பறிப்பே முன்குறியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சாய்த்துவிடும். ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டு, விரலின் நுனிச் சதையால் விசையை நேராகப் பின்னோக்கி, சிறுகச் சிறுக அழுத்திக்கொண்டே போக வேண்டும். எந்த நொடியில் சுடும் என்பது நமக்கே தெரியாதபடி சுட்டால் நல்லது.

விடுவது: பத்து விநாடிக்குள் சுட முடியவில்லையா? கையை இறக்கிவிடுங்கள். நேரம் ஆக ஆகக் கண் களைத்து, இல்லாத ஒன்றியிருப்பை இருப்பதாகக் காட்டும். கையை இறக்குவதால் புள்ளி குறையாது. 60 குண்டுகளுக்கு 75 நிமிடங்கள் தாராளம்.

பின்தொடர்வது: சுட்ட பிறகும் ஓரிரு விநாடிகள் முன்குறியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குண்டு எங்கே பட்டது என்று பார்க்கும் ஆவல் சுடுவதற்கு முன்பே கண்ணை இழுத்துவிடும். எங்கே பட்டிருக்கும் என்று முன்குறியைப் பார்த்தே சொல்லப் பழகியவர், பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

கை ஒன்றே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு ஹங்கேரியின் கரோலி தக்காச்சை நினைவூட்டுவேன். 1938இல் கையெறி குண்டு வெடித்து, சுடும் வலக்கையை இழந்தார். இடக்கையால் முதலிலிருந்து கற்று, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் அதிவேகக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். கை புதிது. ஆனால் குறிபார்க்கத் தெரிந்த கண் பழையது.

குறி சரி, இலக்கு யாருடையது?

இவ்வளவும் சொன்ன பிறகு, இலக்கை முற்றிலும் மறந்துவிடலாகாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் முன்னணியில் இருந்தார். கடைசி ஒரு குண்டு பாக்கி. அமைதியாகக் குறிபார்த்துச் சுட்டார். அவருடைய இலக்கில் ஒன்றும் பதிவாகவில்லை. பக்கத்துத் தடத்தில் இருந்தவரின் இலக்கைச் சுட்டிருந்தார்! அந்தக் குண்டுக்குப் புள்ளி இல்லை. உறுதியாக இருந்த தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்குப் போனது.

எனவே பார்வைக்கு ஒரு வரிசை உண்டு. கையை உயர்த்துவதற்கு முன் தட எண்ணையும் இலக்கையும் தெளிவாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கண்ணை முன்குறிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கு வந்த கண் திரும்பிப் போகக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அன்று. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதையும் ஆயுதமாகவே கருதுகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அனுமதி பெற்ற திடலில், பொறுப்பாளரின் கட்டளைப்படிதான் சுட வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். குண்டு இல்லை என்று எவர் சொன்னாலும் நம்பாமல் நாமே திறந்து பார்க்க வேண்டும். நன்றாகச் சுடுபவரைவிட இம்மூன்றையும் தவறாமல் செய்பவரையே திடலில் மதிப்பார்கள்.

முடிவாக

மலேசியாவுக்கு இந்த விளையாட்டு புதிதன்று. 1998 காமன்வெல்த் போட்டிக்காக லங்காவியில் அனைத்துலகத் தரத்தில் சுடுதிடல் கட்டப்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று காற்று ரைஃபிள் பிரிவில் சுட்டதை உலகமே பார்த்தது. இந்தியாவின் மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வெண்கலம் வென்றார். உயரமோ ஓடும் வேகமோ உடல் பலமோ இவ்விளையாட்டில் ஒருவரைத் தடுத்து நிறுத்துவதில்லை. பல்கலைக்கழகக் குழுவில் சேர்ந்தால் துப்பாக்கியைச் சொந்தமாக வாங்க வேண்டியதும் இல்லை. நம் மாணவர்கள் வராமல் இருக்கவும், வந்து பாதியில் நிற்கவும் தக்க காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தவணை விளையாட்டுக் குழுக்களுக்கான பதிவு நடக்கும்போது ஒரு முறை வந்து பாருங்கள். கையை நீட்டும்போது அது ஆடும். முதல் நாள் எல்லாருக்கும் ஆடும்; ஆண்டுகள் பல கடந்தவர்களுக்கும் ஆடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். வெளிச்சக் கோடுகள் இரண்டும் சமமா, உச்சி மட்டமா என்று மட்டும் பாருங்கள். தூரத்தில் இருக்கும் கருவட்டம் மங்கிப் போகும். மங்கட்டும், அது அங்கேயேதான் இருக்கும்.